மைக் இல்லாத அறை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ரேடியோ மெக்கானிக். ஒரு சத்தம் வந்தால் அது வருகிற ஒயர் ஒன்று இருக்கும், இத்தனை வருஷத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். நான் சொல்லப் போவதை நீங்கள் நம்பப் போவதில்லை, முகத்திலேயே தெரிகிறது, பரவாயில்லை, கேளுங்கள்.

எண்பதுகளின் நடுவில், போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏலத்தோட்டத்து பங்களாவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மெட்ராஸிலிருந்து ராகவன் என்று ஒருவர் வந்திருந்தார். ஆல்பம் ஒன்று செய்துகொண்டிருந்தார். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, வெறும் சத்தம். கரண்டிலிருந்தே சத்தம் உண்டாக்குகிற, பலகை முழுக்கத் திருகும் ஒயருமாக ஒரு பழைய சிந்தசைசர், வெளிநாட்டிலிருந்து வந்த புது டிஜிட்டல் சிந்தசைசர் ஒன்று, இரண்டையும் ஒயர் போட்டு நேராக டேப் ரெக்கார்டரில் சொருகியிருந்தார். அந்த அறையில் மைக் என்று ஒன்று கிடையவே கிடையாது, யார் என்ன பேசினாலும் டேப்பில் விழ வழியில்லை. மலையில் வோல்டேஜ் ஏறி இறங்கும், டேப்பில் இரைச்சல் விழும், அதைச் சரிசெய்ய வாரத்துக்கு ஒருமுறை அடிவாரத்திலிருந்து நான் ஜீப்பில் ஏறிப் போவேன்.

அப்போது என் பெண்டாட்டி பேச்சியம்மாளுக்கு இழுப்பு. ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை, அந்தத் தூசி அவளுக்கு ஆகவில்லை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவிப்பாள், நான் முதுகைத் தடவிக்கொண்டே தூங்கி விழுவேன். 'ஏங்க' என்பாள், கண்ணைத் திறக்காமலே 'இந்தா வர்றேன்' என்பேன். மாசக்கணக்கில் இப்படி. மலைக்குப் போகிற அந்த ஒரு நாள்தான் எனக்கு ஓய்வு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரே பனிமூட்டம். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், தூங்கவில்லை, சத்தியமாகத் தூங்கவில்லை, ஈயம் பற்றவைக்கிற கம்பி கையில் சூடாக இருந்தது. ராகவன் சார் பழைய சிந்தசைசரில் ஒரு திருகை மெல்லத் திருப்பினார். காற்று மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. இழுத்தது, நின்றது, நடுவில் ஒரு சின்ன அடைப்பு, மறுபடி இழுத்தது. அது பேச்சியின் மூச்சு. எனக்குத் தெரியாதா? அப்புறம் 'ஏங்க' என்றது. இருந்த அசதியில், வீட்டில் சொல்கிற மாதிரியே 'இந்தா வர்றேன்' என்று எழுந்துவிட்டேன்.

"யார்கிட்ட பேசறீங்க?" என்றார் ராகவன் சார்.

"அது என் வீட்டுக்காரி சார். அவ மூச்சு."

"மெக்கானிக், இது வெறும் கரண்ட். இதுல மூச்சு எங்கேருந்து வரும்?" என்று சொல்லிக்கொண்டே திருகிலிருந்து கையை எடுத்தார். சத்தம் நிற்கவில்லை. நான் வாசலுக்கு ஓடினேன்.

தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கின ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டேன். "அண்ணே, வெரசா போங்க" என்று கெஞ்சினால், "வளைவே தெரியல, வெரசா போனா எல்லாரும் பள்ளத்துலதான் கெடப்போம்" என்றான் டிரைவர்.

வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தோளால் இடித்துத் திறந்தேன். அடுப்படியில் கிடந்தாள், உதடு நீலமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஆக்சிஜன் வைத்த டாக்டர், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றார்.

மறுநாள்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"ரொம்பப் பயந்துட்டியா?"

"பயந்துதான் கூப்புட்டேன். நீங்கதான் இந்தா வர்றேன்னு சொன்னீகளே, ரெண்டு தரம். அதான் பேசாம கெடந்தேன்."

"எங்கருந்து சொன்னேன்?"

"பக்கத்துலருந்துதான். வேற எங்கருந்து சொல்லுவீக?"

தூசி வேலையை விட்டபிறகு அவள் உடம்பு மெல்லத் தேறியது. சில மாசம் கழித்து, பங்களாவைக் காலி செய்துவிட்டுப் போன ராகவன் சார் ஆல்பத்தின் கேசட்டைத் தபாலில் அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். அந்த மூச்சு இருந்தது. 'ஏங்க' இருந்தது. அடுத்தாற்போல், நம்பினால் நம்புங்கள், என் குரல்: 'இந்தா வர்றேன்.' கொஞ்ச நேரம் காற்று. மறுபடி என் குரலிலேயே, இன்னும் பக்கத்தில்: 'இந்தா வர்றேன்.'

"ரெண்டு தரம்னு நான் சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டு பேச்சி உலை வைக்க எழுந்து போனாள்.

அன்றைக்கு நான் சொன்னது ஒரே தரம்தான்.