வெறும் தண்ணீரில் எண்பது மைக்ரான்

பெயிண்ட் தொழிற்சாலையின் சோதனை அறையில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவளுக்குப் பூனையக்கா என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பதினொரு வருடத்தில் அங்கே அவள் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அம்மாவின் கண் சிகிச்சைக்காக இரண்டு நாள் லீவில் போய்விட்டுத் திரும்பினாள். அதற்குள், அதே தொழிற்சாலையின் அரவைக் கொட்டகையில் அவள் கணவர் அரைத்த நீலப் பெயிண்ட், ஒரு டாங்க் முழுக்க, கழிவுக்குப் போகக் காத்திருந்தது. ஒரு சொட்டுப் பெயிண்டைத் தண்ணீரில் கலந்து, லேசர் ஒளியைப் பாய்ச்சித் துகளின் அளவைச் சொல்லும் மெஷின், பெரிய துகள் இருப்பதாகச் சொல்லிவிட்டதாம்.

"உங்க வீட்டுக்காரர் அரைக்கிறப்ப அசந்துட்டார் போல," என்றார் அதிகாரி.

அவளுக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக அரைக்கிற மனிதர். மேஜைமேல் கிடந்த தாள்களைப் பார்த்தாள். மூன்று முறை அளந்திருந்தார்கள்; ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிய எண். அரவை கெட்டிருந்தால் மூன்றிலும் ஒரே மாதிரியல்லவா கெட்டிருக்க வேண்டும்?

மூலையில் தண்ணீர்க் கேன் காலியாக இருந்தது. மெஷினுக்கான தண்ணீரை முதல் நாள் மாலையே அதில் பிடித்து வைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. குழாயிலிருந்து நேரே பிடித்து ஊற்றினால், சற்று நேரத்தில் கண்ணாடியின் உட்புறம் வியர்வைபோலக் குமிழி அரும்புவதைக் கழுவும்போது கவனித்திருக்கிறாள்; ஓர் இரவு நின்ற தண்ணீரில் அது வராது.

"சார்... பெயிண்ட் விடாம, குழாத் தண்ணிய மட்டும் அளந்து பாருங்களேன்."

"வெறும் தண்ணில அளக்க என்னம்மா இருக்கு?"

"இருந்தா தெரிஞ்சிடும்ல சார்."

மெஷினில் தண்ணீர் சுழன்றது. முதலில் ஒன்றுமில்லை. பத்தாவது நிமிடம் திரையின் வரைகோட்டில் ஒரு மேடு எழுந்தது: எண்பது மைக்ரான். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேடு அங்கேயே நின்றது.

"குமிழியையும் அது துகள்னுதான் எண்ணும் சார்," என்றாள்.

அன்று மாலை கேனை நிரப்பி வைத்தாள். மறுநாள் காலை, டாங்கை நன்றாகக் கலக்கி எடுத்த பெயிண்டை அந்தத் தண்ணீரில் விட்டு ஐந்து முறை அளந்தார்கள். ஐந்திலும் ஒரே எண், வரம்புக்கு வெகு கீழே.

"டாங்கைக் கொட்ட வேண்டாம்னு சொல்லி ஆள் அனுப்பறேன்," என்றார் அதிகாரி.

"நானே போய்ச் சொல்றேன் சார்."

அரவைக் கொட்டகைக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை.

"அண்ணே, வீட்டம்மாவே சோதனைக்கு வந்துட்டாங்க. இன்னிக்கு மாட்டினீங்க," என்றான் ஒருவன்.

"அரவை சரியா இருக்கு," என்றாள் அவள். "அஞ்சு தடவை அளந்தாச்சு."

கணவர் அரவை மெஷினை நிறுத்தினார். கொட்டகையே அமைதியானது.

"என்ன சொன்ன? காதுல விழல."

விழுந்திருந்தது. முகத்திலேயே தெரிந்தது. அவள் இன்னும் உரக்க, எல்லோருக்கும் கேட்கும்படி, மறுபடி சொன்னாள்.