ஒளித்தவன் வெளியே வரக்கூடாது

கரைத்தீவில் எங்கள் குடியேற்றத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. 'வெளிக்கிடு', அதாவது ஊரைவிட்டுப் புறப்படு, என்று பெயர். பெரியவர்கள் பழைய ஊரிலிருந்து விரட்டப்பட்ட கதையைச் சோற்றோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சும்மா இருப்போமா, அதை விளையாட்டாக்கிவிட்டோம். சுடுகிற மாதிரி நீட்டிய தென்னம்மட்டைத் துவக்கோடு ஒரு கூட்டம் வந்து "வெளிக்கிடு!" என்று கத்தும். மற்றவர்கள் ஆளுக்கொரு பையோடு, கடல்நீர் தேங்கிய களப்பின் கரைக்கு ஓட வேண்டும். பிடிபட்டால் பை போய்விடும். விரட்டப்படாத பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனும் வருவான். அவனுக்கு அகதியாக இருக்கத்தான் ஆசை.

ஒருவர் மட்டும் ஒளித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வைத்தோம். அதில்தான் குழப்பம் வந்தது. ஒளித்திருந்த அந்தப் பக்கத்து ஊர்ப் பையனைத் தேடாமல், துவக்குக்காரர் என் தங்கையின் சடையை இழுத்து அழவைத்தார்கள். அவன் வள்ளத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்து எல்லோரையும் மட்டையால் விளாசினான். அது சரியா பிழையா என்று பெரிய சண்டை. விரட்டப்பட்ட நாளில் எங்கள் வாப்பா உண்மையாகவே அங்கே இருந்தவர், அவரிடம் கேட்போம் என்று நான் பெருமையோடு கூட்டிப்போனேன்.

வாப்பா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, ஊராக்கள் திருப்பி அடிக்கலாமா?"

"அடிக்கேலா மகள். துவக்கு அவங்கட கையில."

"மத்தாக்கள அழ வெச்சா, ஒளிச்சவன் வெளிய வரலாமா?"

வாப்பாவின் கை நின்றது. "வரக்கூடா. என்ன சத்தம் கேட்டாலும் வரக்கூடா."

"அப்ப உங்கட வாப்பா ஒண்டும் செய்யல்லயா?" என்று அந்தப் பையன் சிரித்தான். எனக்கு முகம் செத்துப்போனது. வாப்பாவுக்கு மூத்த ராத்தாவான எங்கள் மாமியின் தோட்டை, விரட்ட வந்தவர்கள் காதோடு பிடித்து இழுத்ததையும் அவர் கத்தியதையும் மாமியே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அந்நேரம் பள்ளிக்கூடப் பையனாயிருந்த வாப்பா எங்கே நின்றார் என்பது அந்தக் கதையில் வந்ததே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

புதுச் சட்டத்தோடு மறுபடியும் தொடங்கினோம். இந்த முறை ஒளித்தது நான். என்னை வெளியே வரவைக்கத் தங்கைக்கு மாமியின் வேடம் கொடுத்தார்கள். அவள் நடிப்பில் மாமியையே வென்றாள். "தோட்டக் கழட்டாதீங்க!" என்று களப்புக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி அலறினாள். சட்டப்படி நான் அசையவில்லை.

படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தது வாப்பா. ஒரு காலில் மட்டும் செருப்பு. துவக்குக்காரனாயிருந்த சாச்சாவின் மகனுடைய மட்டையைப் பிடுங்கி முறித்தெறிந்தார். தங்கையை அள்ளித் தூக்கினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அவரோ அவளுடைய காதுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலிக்கு மேலால் பெரியவர்களும் எட்டிப் பார்த்தார்கள். இவர் எங்கள் வாப்பா இல்லை என்று சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அதன்பின் அவரோடு கடைக்குப் போகக்கூட வெட்கப்பட்டேன்.

சில நாள் கழித்து, விஷயம் கேள்விப்பட்டு மாமி வந்தார். வாப்பா அவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மாமி கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணியைக் கையில் கொடுத்தார்.

"தம்பி, நீ அண்டைக்கு வெளிய வராம இருந்ததுதான் சரி. வந்திருந்தா இண்டைக்கு எனக்கு நீ இல்ல."

வாப்பா அழத் தொடங்கினார். கதவுச் சீலைக்குப் பின்னால் நின்ற எனக்கு இன்னும் வெட்கமாகப் போனது. மாமிமேல் எரிச்சலும் வந்தது. என்ன நடந்ததென்றே தெரியாமல் பேசுகிறாரே! வாப்பா வெளியே ஓடி வந்து எல்லாவற்றையும் கெடுத்ததைத் தெரு முழுக்கப் பார்த்ததே என்று நினைத்துக்கொண்டேன்.