பின் சீட்டில் சகலை

அவருக்குத் தெருவில் பாம்புச்செவி என்று பேர். பள்ளிக்கூட வாசலை மூன்று வருஷம் மிதித்ததோடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் கார்களுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் படித்தது. இரண்டு கையை மட்டும் நம்பி, ஒற்றைத் தகரக் கொட்டகையை நாலு கார் நிற்கிற ஒர்க்‌ஷாப் ஆக்கியவர். வண்டி தெருமுனை திரும்பும்போதே அதற்கு இன்ன நோய் என்று சொல்லிவிடுவார். சொன்னது ஒருநாளும் தப்பினதில்லை. அதையும் அவரே சொல்வார். சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

அந்தக் காதில் புகை வந்தது, எதிர்வரிசையில் சகலை கடை போட்ட நாளிலிருந்து. மனைவியின் தங்கை புருஷன், பத்து வயசு இளையவன். கடைக்குக் கண்ணாடிக் கதவு, காத்திருப்பவர்களுக்கு மெத்தை நாற்காலி. "என் தங்கச்சி வீட்டுக்காரர் கைராசிக்காரர்" என்று மனைவி சொன்ன அன்று பாம்புச்செவி பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். பதினைந்து வருஷமாக இவரிடமே வந்த டீச்சரம்மா போன வாரம் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் காரை விட்டதைப் பார்த்தபோது எரிந்த வயிறு, எத்தனை சொம்பு தண்ணீருக்கும் அணையவில்லை.

ஆனால் தெய்வம் கண் திறந்தது. இன்று டீச்சரம்மா இவர் வாசலில் நின்றார்.

"அறுபதுல போனா 'ம்ம்ம்'னு ஒரு சத்தம், மேஸ்திரி. உங்க சகலை முன்சக்கரத்துல இடது பேரிங்கை மாத்தினாரு. அப்பவும் போகலை."

"எங்கிட்ட வந்திருந்தா அன்னிக்கே போயிருக்கும்." அவருக்கு வாயெல்லாம் பல். "அவனையும் கூப்பிடுங்க. பக்கத்துல இருந்து கத்துக்கட்டும்."

சகலை வந்து பின் சீட்டில் வலது ஓரமாக உட்கார்ந்தான். "காதை மறக்காம கொண்டாந்தீங்களா அண்ணே?"

"ரெண்டும் இருக்கு. உனக்கு ஒண்ணு வேணுமா?"

ஸ்டீயரிங் பாம்புச்செவி கையில், பக்கத்தில் டீச்சரம்மா. அகலமான, ஆளில்லாத ரோடு. அறுபதைத் தொட்டதும் முனகல் கிளம்பியது. கியரை நியூட்ரலில் தள்ளிப் பார்த்தார், குறையவில்லை. அப்படியானால் என்ஜின் இல்லை. வண்டியை மெல்ல இடப்பக்கம் ஒடித்தார், முனகல் ஏறியது. வலப்பக்கம் ஒடித்தார், அடங்கியது.

"இடது பக்கம் ஒடிச்சா கத்துது, அதனால இடது பேரிங்குன்னுட்டே. அட மண்டு! இடது பக்கம் திரும்பினா வண்டி பாரம் எந்தப் பக்கம் சாயும்? பாரம் சுமக்கறவன்தானே முனகுவான்? முன்சக்கரம், வலது பேரிங். எழுதி வச்சுக்கோ."

"வலதுதான் அண்ணே, என் புத்திக்கு எட்டலை. ஆனா முன்னாடி இல்ல. என் சீட்டுக்கு அடியிலதான் கிர்ருங்குது. பின்சக்கரம்."

"அது உன் வயித்துச் சத்தம்!"

டீச்சரம்மா சிரித்துவிட்டார். பாம்புச்செவிக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் பின்னாலிருந்து வருவது அவர் காதுக்கும் கேட்டுவிட்டது. காது பொய் சொல்லவில்லை. பொறாமைதான் அதை முன்னுக்கு இழுத்திருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றினார். முன்சக்கரம் பட்டு மாதிரி ஓடியது. பின்சக்கரத்தில் மணலை அரைப்பதுபோல் உள்ளங்கை கூசியது.

"யார் சொன்னது சரி?" என்றார் டீச்சரம்மா.

பாம்புச்செவி வாயைத் திறக்குமுன் சகலை முந்திக்கொண்டான். "அண்ணன் சொன்னதுதாங்க. வலது."

தோற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்தப் பிச்சையைத் தாங்க முடியவில்லை.

"பின்னாடின்னு சொன்னது நீதானேடா! என் ஒர்க்‌ஷாப்லயே நின்னு எனக்கு விட்டுக் கொடுத்துப் பெரிய மனுஷன் ஆகப் பாக்கறியா?" டீச்சரம்மா பக்கம் திரும்பினார். "பின்னாடின்னு கண்டுபிடிச்சது இவன்தாம்மா. உண்மை. ஆனா வலதுன்னு கண்டுபிடிச்சது நான். அதையும் உங்க பள்ளிக்கூடத்துல சொல்லுங்க."

சகலை சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்பேனரை எடுக்கப் போனான்.

"தொடாதே," என்றார் பாம்புச்செவி. "உன் கைராசியை உன் கடையில வச்சுக்கோ."