ஞாயிற்றுக்கிழமை வார்த்தை

அந்த வீட்டில் சின்னவளுக்குப் பிடிக்காததெல்லாம் மாடியில்தான் இருந்தது. அங்கே குடியிருந்தது அவள் கணவனின் அண்ணன் குடும்பம். அண்ணன் வாயில்லாப்பூச்சி. அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவர் மனைவியே பேசிவிடுவாள். அந்த ஓரகத்தியைச் சின்னவள் வாயால் அக்கா என்பாள். மனசுக்குள் வைத்திருந்த பெயர் அச்சில் ஏறாது.

அக்கா மாடி முன்னறையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்தினாள். சில பிளாஸ்டிக் நாற்காலிகள், எத்தனை துடைத்தாலும் பழைய எழுத்து போகாத ஒரு வெள்ளைப் பலகை. வருகிறவர்கள் மேடம் மேடம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அது தலைக்கேறி, கொடியில் துணி எடுக்க வரும்போதுகூட அவள் மேடமாகத்தான் படியிறங்குவாள்.

சின்னவளுக்கு டிரை கிளீனிங் கடை முன்மேசையில் வேலை. கோட்டு, பட்டுப்புடவை எல்லாம் வாங்கி, கறையைத் தடவிப் பார்த்து, சீட்டுக் குத்தி உள்ளே தள்ள வேண்டும். ஆறு நாளும் ஊரார் அழுக்கோடு போராடிவிட்டு ஏழாவது நாள் காலை நீட்டலாம் என்றால், அக்கா இறங்கி வந்துவிடுவாள்.

"உனக்குன்னே ஈசியா ஒரு வார்த்தை எடுத்து வெச்சிருக்கேம்மா. எங்க, என் வாயைப் பாரு."

தலையைச் சாய்த்துக்கொண்டு, பல் முளைக்காத குழந்தையிடம் பேசுவதுபோல இழுத்து இழுத்துச் சொல்வாள். சின்னவள் திருப்பிச் சொன்னதும் "வெரி குட்!" என்று விரல்நுனியால் கைதட்டுவாள். உள்ளங்கை பட்டால் அதிகம் கொடுத்ததாகிவிடுமோ என்னவோ.

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். "நல்லதுக்குத்தானே சொல்றாங்க, விடேன்" என்றான். வீட்டுக் கூரை இடிந்து விழுந்தாலும் அவன் அதைத்தான் சொல்வான்.

அந்தச் சமயத்தில் கடை முதலாளிக்கும் ஆங்கிலக் கிறுக்குப் பிடித்தது. துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லோரும் "தேங்க்யூ ஃபார் பேட்ரனைசிங் அஸ்" என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பேட்ரனைஸ்னா ஆதரிக்கிறதும்மா. ஒரு கடைக்குத் தவறாம வந்து ஆதரவு கொடுக்கறது. பேட்... ர... னைஸ். சொல்லு." சொன்னாள். விரல்நுனிகள் தட்டின.

அந்த வாரம் ஒரு பெரியவர் பழைய கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். காதில் கருவி மாட்டியிருந்தார். காலரில் மை கொட்டி, காய்ந்து இறுகியிருந்தது. சின்னவள் தலையைச் சாய்த்து, குரலை உயர்த்தி, "ஐயா... இந்தக் கறை... போகாது... புரியுதா?" என்றாள்.

"காதும் கேக்குது, புத்தியும் இருக்கு. டோன்ட் பேட்ரனைஸ் மீ" என்றார் அவர். சீட்டைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைக்கு வந்து ஆதரிப்பவர் அவர். அவரை நான் ஆதரிக்கக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? உள்ளே இஸ்திரி போடுகிறவரைக் கேட்டாள். "வேற கடைக்குப் போறேங்கறாரு போல" என்றார் அவர், நீராவிக்கு நடுவிலிருந்து.

சாயங்காலம் மாடியேறி அக்காவிடமே கேட்டாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது.

"அதுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கும்மா. கொஞ்சம் அட்வான்ஸ்டு. உனக்கு வேண்டாம், குழம்பிடுவே." கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் போனில் அகராதியைத் தேடினாள். அன்பு காட்டுவதுபோலக் காட்டி எதிரில் இருப்பவரை மட்டமாக நடத்துவது என்று போட்டிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமாகத் தன் வீட்டில் நடந்ததற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது! பெயர் தெரியாததால்தானே எல்லோரும் அதைப் பொறுமை என்றும் பாசம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நிமிஷம் சிரிப்பு அடங்கியது. பெரியவரிடம் பேசியபோது தன் கழுத்து சாய்ந்த சாய்வு நினைவுக்கு வந்தது. அது அக்காவின் சாய்வு. குரலும் அவளுடையதுதான். யாரைக் கண்டால் உடம்பு எரிகிறதோ அவளே தன் தொண்டையில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். சின்னவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

பெரியவர் கோட்டை வாங்க வந்தபோது நிமிர்ந்து நின்று, "கறை போகல. அன்னைக்கே சொன்னேன்" என்றாள். "சொன்னே, சொன்னே" என்று அவர் கோட்டை மடித்து வாங்கிக்கொண்டார். முதலாளி சொல்லச் சொன்ன வாக்கியத்தை அவள் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அர்த்தம் தெரிந்தால் போதுமா, வாக்கியத்தில் வைக்கத் தெரிய வேண்டாமா? உதாரணங்களைத் தேடித் தேடிப் படித்து, தொங்கும் கோட்டுகளிடம் சொல்லிப் பழகினாள்.

அந்த ஞாயிறு மாடியில் சான்றிதழ் கொடுக்கும் கூட்டம். மாணவர்களின் அப்பா அம்மாக்கள் பிஸ்கட் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கீழே ஆள் அனுப்பிச் சின்னவளை வரவழைத்து நடுவில் நிறுத்தினாள்.

"இவ என் கொழுந்தனார் மனைவி. சலவைக் கடையில வேலை. நான் சொல்லிக் கொடுத்து இப்ப சென்டன்ஸே பேசுவா. பயப்படாம சொல்லும்மா, இந்த வாரத்து வார்த்தை."

"மை சிஸ்டர்-இன்-லா பேட்ரனைசஸ் மீ எவ்ரி சண்டே" என்றாள் சின்னவள்.

அக்காவின் கண் ஒரு தடவை சுருங்கி விரிந்தது. புரிந்துவிட்டது. ஆனாலும் பல்லைக் காட்டியபடியே கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "வாராவாரம் நான் அவளுக்கு ஆதரவா இருக்கேன்னு சொல்றா, பாவம். சின்னத் தப்பு இருக்கு, பரவாயில்ல. எல்லாரும் கிளாப் பண்ணுங்க."

தட்டினார்கள். இதையும் மென்று விழுங்கிவிட்டாளே என்று சின்னவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"தப்பு இல்லக்கா" என்றாள். "நான் சொன்னது அந்த அர்த்தம் இல்ல. அட்வான்ஸ்டு அர்த்தம்."

முன்வரிசையில் ஒரு அம்மா பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினாள். பக்கத்திலிருந்த அவள் கணவன் போனில் அந்த வார்த்தையைத் தட்டிப் பார்த்து, அவளிடம் காட்டினான். பின்னால் அண்ணனுக்குத் திடீரென்று இருமல் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதோடு ஞாயிற்றுக்கிழமை வார்த்தைகள் நின்றன. கன்னத்தில் தட்டுவது, கழுத்தைச் சாய்ப்பது, 'மா' போடுவது எல்லாம் போயின. இப்போது அக்கா படியில் நின்றபடியே, "மோட்டார் போடு", "கேட்டைச் சாத்து" என்று கத்திவிட்டுப் போகிறாள். முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும்.

"அண்ணி முன்ன மாதிரி உன்கிட்டப் பேசறதே இல்லையே" என்று கணவன் வருத்தப்பட்டான்.

"இப்பத்தான் ஒழுங்கா பேசறாங்க" என்று சொல்லிவிட்டு, சின்னவள் மோட்டார் போடப் போனாள்.