ஞாயிறை எண்ணாதவள்

சிங்கப்பூரின் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே திங்கட்கிழமைதோறும் எம்.பி. மக்களைப் பார்ப்பார். அங்கே நான் விண்ணப்பத் தாளை வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றேன். மேசையில் தொண்டராக இருந்த ஜெனிவீவ் அதை மெல்ல வாங்கிக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி, "அக்கா, இந்தப் பேனாவுல மை தீந்துபோச்சு. நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்ணிடுறேன்" என்றாள். பேனாவில் மை இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆங்கிலம் வாசிக்க வராது என்பது நாங்கள் இருவரும் போகும் மாதா கோயிலில் தெரிந்த விஷயம். புளோக்கின் கீழே கூடியிருந்த யாருக்கும் தெரிய விடவில்லை அவள்.

ஞாயிறு தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிப்பாள். திங்களன்று எம்.பி. மேசையில் ஊராருக்காக அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவாள், சம்பளமில்லாமல், ஒன்பது வருஷம். கூட உழைத்த கோவிந்தராசு அண்ணன் சீண்டுவார்: "உங்க பூசை ஆறரைன்னா ஏழுக்குத்தான் ஆரம்பிக்கும் லா?"

"கடவுளுக்கு அவசரமில்லண்ணே. உங்க எம்.பி.க்குத்தான் அவசரம்."

அவள் கணவர் இயேசுதாசன் தூத்துக்குடிக்காரர். அவர் இங்கே தங்கும் அனுமதி முடிகிறது, மறுபடி கேட்பதானால் பதினான்கு நாளுக்குள் எழுதவேண்டும் என்று கடிதம் வந்தது. அப்போது தவக்காலம்.

தவக்காலத்தின் நாற்பது நாளில் ஞாயிறு சேராது. அது ஆண்டவர் உயிர்த்த நாள். ஜெனிவீவ் கோயில் காலண்டரில் தினம் ஒரு சிலுவை போடுவாள், ஞாயிறை விட்டுவிடுவாள். கணவரின் கெடுவையும் அந்தச் சிலுவைகளை வைத்தே எண்ணிவிட்டாள். அவருக்கு வேலை தருவதாகச் சொன்ன கடைக்காரரின் கடிதத்துக்காகக் கடைசிவரை காத்திருந்தாள். பதினான்காவது சிலுவையன்று விண்ணப்பத்தைக் குடிநுழைவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். அது பதினாறாம் நாள்.

"டூ டேஸ் லேட், மேடம்" என்றார்களாம். மரியாதையாகத்தான்.

"எத்தன பேருக்குத் தேதி பாத்துச் சொன்ன புள்ள நீ!" என்றார் கோவிந்தராசு. "நம்பர் எடு, நாமளும் ஒரு லெட்டர் போடுவோம்."

அவள் முதல்முறையாக எம்.பி.யைப் பார்க்க நம்பர் எடுத்து, உதவி கேட்டு வருபவர்களின் எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். இயேசுதாசன் ஊருக்குப் போய்விட்டார். பதிலுக்காக மூன்று மாதம் காத்திருந்தாள். "எல்லாருக்கும் 'கொஞ்சம் வெயிட் பண்ணுங்க'ன்னு சுலபமா சொல்லியிருக்கேன் அக்கா" என்றாள். பதில் வந்தது, முடியாது என்றுதான்.

அவளும் தூத்துக்குடிக்குக் கிளம்பினாள். அங்கே அவருக்கு நிலையான வேலை இல்லை. இவளோ பிடோக்கில் பிறந்து வளர்ந்தவள். கடைசிப் பூசை முடிந்து வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தினம் செபத்துல கேக்குறேன்மா. ரெண்டு பேரும் திரும்பி வந்துடுவீங்க."

"எங்களுக்காக வேண்டிக்குங்க அக்கா. திரும்பி வரணும்னு மட்டும் வேண்டாதீங்க. இன்னொரு தடவ காத்திருக்க என்னால ஆகாது."