ஆறடி சொன்ன எலனம்மா

எலனம்மா இறந்துவிட்டார் என்ற தந்தி ராபர்ட்சன்பேட்டை தந்தி ஆபீசிலிருந்து என் வீடு வந்து சேர்வதற்குள் நம் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் பாதிப் பேருக்குச் சேதி தெரிந்துவிட்டது. தந்திக்காரர் அப்படிப்பட்டவர். குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. மீதிப் பாதிக்கு நான்தான் சொன்னேன்.

உங்களுக்குத் தெரியும், அவர் ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் இங்கிலாந்திலிருந்து சம்பளமில்லாமல் உழைக்க வந்தவர். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன், சம்பளத்தோடு. சில மாதங்களிலேயே நம் தமிழைப் பேசத் தொடங்கி என் பிழைப்பில் மண்ணைப் போட்டார். "இன்னாபா, நான் ஒண்ணு சொன்னா நீ ஒம்போது சொல்ற?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்.

நம் லைன் பெண்களுக்குக் கக்கூஸ் கட்ட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். நிறுவனமோ, லைன்காரர்களே வந்து உழைக்காவிட்டால் வேலையை மூடிவிட்டு அவரை வேறு ஊருக்கு அனுப்பிவிடும். கூப்பிட்டுப் பார்த்தார், யாரும் வரவில்லை. தானே கடப்பாறையை எடுத்துக் குழி தோண்ட இறங்கினார். நாலாம் நாள், சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் முனுசாமி ஷிப்ட் முடிந்து வரும் வழியில் எட்டிப் பார்த்தார். குழிக்குள் நின்ற எலனம்மாவின் கையெல்லாம் கொப்புளம்.

"இன்னாமா இது, கோழி கிளறினாப்பல கீது. ஏறி வாங்க மேல."

மறுநாளே மூன்று ஷிப்ட் ஆட்களும் முறைபோட்டு வந்தார்கள்.

எலனம்மா சிமெண்டுக்காகப் பெங்களூர் போனார். ஆறடி வந்ததும் நிறுத்தச் சொல்வது என் பொறுப்பு. நானோ பங்காருப்பேட்டையில் மாமியார் வைத்த கறிக்குழம்பில் மூழ்கி மூன்று நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்தால் குழி இருபதடி. நாலு பக்கமும் மரமுட்டு, இறங்க ஏணி, உள்ளே விளக்கு!

"தெனம் பாதாளம் போறவங்க ஆறடில நின்னா ஊரு சிரிக்காதா? நிறுத்துன்னு சொல்ல ஆளு வேணும் இல்ல சாரு," என்றார் முனுசாமி.

அன்றைக்கென்று பார்த்து எலனம்மாவுடன் நிறுவனத்தின் அதிகாரியும் வந்து இறங்கினார். குழியைப் பார்த்துவிட்டு, அளவு சொன்னது யார் என்று கேட்டார். எலனம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னதை எல்லோருக்கும் கேட்கத் தமிழிலும் சொன்னார்:

"தப்பு என்னுது. வேல இவங்களுது."

அதிகாரி மரமுட்டைத் தட்டிப் பார்த்தார். சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார். எலனம்மா இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருக்கட்டும் என்றார். அந்தக் குழி இன்றுவரை நிறையவில்லை.

பிறகு நான் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டபோது, "கொழம்பு நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் விசாரித்தார்.

இன்று என் கீழும் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் எதையாவது கெடுத்து வைத்து, மேலதிகாரி முறைக்கும்போது, "தப்பு என்னுது" என்று என் வாய் முந்திக்கொள்கிறது. நான் சொல்லும் பொய்கள் ஏராளம். இது ஒன்று மட்டும் எலனம்மா கொடுத்தது.