கோட்டைக்குப் போவணும்

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் கோட்டைக்குப்பத்துப் பெண்களுக்கென்று ஒரு வார்த்தை உண்டு. அது ஆண்களுக்குத் தெரியாது. பொழுது சாய்ந்து முகம் தெரியாத நேரம் வந்ததும் ஒருத்தி அடுத்தவள் வீட்டு வாசலில் நின்று, "கோட்டைக்கு வரியா?" என்று கேட்பாள். உள்ளே இருப்பவள் அடுப்பைத் தணித்துவிட்டு, சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்புவாள். போகிற வழியில் இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொள்வார்கள். ஒல்லாந்தர் கட்டி, பின்னால் இடிந்து, மண்மேடாகிப் போன கோட்டைதான் அது. மேடு முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும். அந்த முள்ளுக்குள்தான் பெண்கள் ஒதுங்குவார்கள்.

பட்டணத்திலிருந்து வண்டி வைத்துக்கொண்டு வந்து, கழுத்தில் கேமராவோடு அந்த மேட்டைச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். ஒல்லாந்தர் இங்கே மிளகு வைத்திருந்தார்களா, துணி வைத்திருந்தார்களா என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். முதலில் காலைப் பார்த்து வையுங்கள் என்று சொல்ல நினைப்பேன். சொன்னதில்லை.

ஆண்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. படகில் நின்றால் ஏரி, கரையில் நின்றால் ஏதாவது ஒரு சுவர். பெண்களுக்கு மட்டும் இருட்ட வேண்டும், கூட ஒரு துணை வேண்டும். விடிவதற்கு முன்னால் ஒரு தரம், விளக்கு வைத்த பிறகு ஒரு தரம். நடுவில் வருவதை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா மீன் விற்றவள். நைனா போன பிறகு அந்தக் கூடைதான் அண்ணனையும் என்னையும் வளர்த்தது. காலையில் கூடையோடு பஸ் ஏறினால், திருப்பாலைவனம் பக்கமெல்லாம் தெருத்தெருவாக நடந்து விற்றுவிட்டுச் சாயங்காலம்தான் திரும்புவாள். அந்த வெயிலில் ஒரு வாய்த் தண்ணீர் இறங்காது. யாராவது மோர் கொடுத்தால்கூட உதட்டை நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஏன் என்று கேட்டால், "குடிச்சா எங்க போறது?" என்பாள். "ஒரு நாளுகூட நான் வெளிச்சத்துல போனது கெடையாது" என்று இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாள்.

நர்ஸ் படிப்பு முடித்த பிறகு அந்தப் பெருமையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அது இன்னா உன் மீன் கூடையா, இஷ்டத்துக்கு அமுக்கி அமுக்கி வைக்க?" என்று கத்துவேன். "படிச்சவ சொல்லிட்டா" என்று அண்ணியைப் பார்த்துச் சிரிப்பாள். வீட்டில் கக்கூஸ் கட்டியபோது அண்ணன் அதில் வலையையும் மிதவைகளையும் போட்டு அடைத்து வைத்தான். நான் சண்டை போட்டுக் காலி செய்ய வைத்தேன். அப்போதும் அம்மா அதற்குள் இருட்டிய பிறகுதான் போனாள். எதிர்வீட்டுச் சின்னம்மாவைக் கூப்பிட்டுக் கதவுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டுப் போவாள். அதற்கும் பெண்கள் எங்களுக்குள் கோட்டை என்றுதான் பெயர்.

ஒரு நாள் கூடையை இறக்கிவைக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். பக்கவாதம் அடித்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு குழறியது. அண்ணன் தூக்கிக்கொண்டு போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அண்ணி வீட்டைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்ததால் துணைக்கு அவன் மட்டும்தான். நான் வேலை பார்த்தது வேறு ஊரில். லீவு கேட்டு, கெஞ்சி, நான் வந்து சேர்வதற்குள் சில நாட்கள் ஓடிவிட்டன.

வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அம்மாவின் வலது கை. உடம்பில் விளங்கிய ஒரே கை அதுதான். அதைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை தொங்கியது. பையில் இருந்தது சிவப்பாக இருந்தது.

"ஊருக்குப் போவணும்னு ஒரே அடம்" என்றான் அண்ணன். தூக்கமில்லாமல் அவன் கண் உள்ளே போயிருந்தது. "வந்த அன்னிலேந்து கோட்டைக்குப் போவணும், கோட்டைக்குப் போவணும்னு அதே பேச்சு. டாக்டர் சொன்னதும் நம்ம குப்பத்துக்கே இட்டுகினு போறேம்மான்னு நானும் சொல்லிக்கினே கீறேன். அப்புறம் வயிறு உப்பிடுச்சி. ஒண்ணுக்கே வரல. டியூப் போட்டாங்க. அத்தப் புடுங்கிட்டா, ஒரே ரத்தம். மறுக்கா போட்டுட்டு, கைய கட்டிட்டாங்க."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. நர்ஸ் என்பதால் இல்லை, அந்த ஊர்ப் பெண் என்பதால். அம்மா பெட்பேன் கேட்டிருக்கிறாள். தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையில் கேட்டிருக்கிறாள். பெற்ற மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறான். அங்கிருந்த நர்ஸ்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோட்டைக்குப்பத்துக்காரி கோட்டைக்குப் போக வேண்டும் என்றால் அவர்களும் வேறு என்ன நினைப்பார்கள்? நிமிர்ந்து பார்த்தேன். அந்த வார்டில் விளக்கை அணைப்பதே இல்லை. பகலும் இரவும் ஒரே வெளிச்சம், அதில் நாலா பக்கமும் ஆட்கள். பெட்பேனைச் சரியாக வைத்திருந்தாலும் அம்மாவுக்கு வந்திருக்காது.

அண்ணனை வராந்தாவுக்குக் கூட்டிப் போய் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். அவன் என்னை நம்பாதவன் போலப் பார்த்தான். "எனக்கு எப்டித் தெரியும்?" என்றான். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதான். நானும் அழுதேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் மட்டும் இருந்தது.

டாக்டர் உள்ளதைச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோய் டியூபை எடுத்துப் பார்க்கலாம். தானாகப் போனால் நல்லது. போகாவிட்டால் நீர் தேங்கிக் கிருமி ஏறும், சிறுநீரகம் கெடும், அதனால் டியூப் திரும்பப் போட்டே ஆக வேண்டும் என்றார். டியூப் போட்டால் அம்மா பிடுங்குவாள். பிடுங்கினால் அந்தக் கையைக் கட்ட வேண்டும். கூடை தூக்கிய கை அது. அதை இன்னொரு தரம் கட்டிப் பார்க்க என்னால் முடியாது. அவளைத் தானாகப் போகவைத்துவிட வேண்டும், எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து டியூபை எடுத்தேன். மத்தியானம் வரைக்கும் ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிற்றைத் தொட்டால் தேங்காய் மாதிரி கெட்டியாக இருந்தது. பெட்பேனை அடியில் வைத்துத் தலைமாட்டை உயர்த்தினேன், தொடை மேல் வெந்நீர் ஊற்றினேன், காதில் விழட்டும் என்று பக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டேன். படித்ததெல்லாம் செய்து பார்த்தாயிற்று. அம்மா வலியில் நெளிந்தாளே தவிர, விடவில்லை. புடவைத் தலைப்பை வலது கையால் இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளிருந்து குழறலாக, "வெளிச்சமா கீதுடி" என்றாள்.

அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அது அவன் காதிலும் விழுந்தது. கரைக்குப் போனவன், படகுக்குப் போர்த்துகிற நீலத் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஜன்னலில் ஒன்று, வாசலில் ஒன்று என்று வெட்டி, கயிறு கட்டித் தொங்கவிட்டான். கூரை ஷீட்டில் வெயில் ஒழுகிய ஓட்டைகளில் கிழிந்த வலைத்துண்டுகளைத் திணித்தான். பட்டப்பகலில் வீடு இருட்டாயிற்று. அவன் வெளியே போய் நின்றுகொண்டான்.

நான் அம்மாவின் காதருகே குனிந்து, "எம்மா, இருட்டிடுச்சி. கோட்டைக்கு வரியா?" என்றேன்.

அம்மா முகத்திலிருந்து தலைப்பை இறக்கினாள். பிறகு, "யார் யார் வராளுங்க?" என்று கேட்டாள்.

ஓடிப்போய் எதிர்வீட்டுச் சின்னம்மாவைக் கூட்டி வந்தேன். சின்னம்மாவுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முட்டிவலிக்காரி, முனகிக்கொண்டே கட்டிலுக்கு ஒரு பக்கம் குந்திக்கொண்டாள். இன்னொரு பக்கம் நான் குந்திக்கொண்டேன். "எக்கா, இந்த மாசம் எறால் இன்னா வெல விக்குது தெரியுமா?" என்று சின்னம்மா ஆரம்பித்தாள். அப்படியே மருமகள் பேச்சுக்குப் போய், அங்கிருந்து கரண்டு இல்லாத கதைக்கு வந்தாள். அவள் பேசிக்கொண்டே இருக்கையில் பெட்பேனில் சத்தம் கேட்டது. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு நிற்காமல். சின்னம்மா பேச்சை நிறுத்தவே இல்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் வழக்கமாயிற்று. பகலில் பலமுறை தார்ப்பாய் இறங்கும், சின்னம்மா வருவாள். தண்ணீர் குடிக்க மறுத்து, "எங்க போறது?" என்று அம்மா பழைய பாட்டைப் பாடினால், "கோட்டை இங்கயே வந்துடுச்சிம்மா, குடி" என்று டம்ளரை வாயில் வைப்பேன்.

மலம்தான் பெரும் பாடாக இருந்தது. ஒரு நாள் தண்ணீராகக் கசிந்ததைப் பார்த்து, வயிற்றுப்போக்கு என்று அண்ணி கஞ்சியை நிறுத்திவிட்டாள். உள்ளே கெட்டியாக அடைத்து நின்றால் அதன் ஓரமாகத் தண்ணீர்தான் கசியும் என்று அவளுக்குச் சொன்னேன். அம்மாவை இடது பக்கமாகச் சாய்த்து, முழங்காலை மடக்கி, கையுறை மாட்டி, எண்ணெய் தடவி, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். வேலையில் எத்தனையோ பேருக்குச் செய்ததுதான். அம்மாவுக்குச் செய்யும்போது அவள் உடம்பு முழுக்கக் கூசிக் குறுகுவதை என் விரலே உணர்ந்தது. இருட்டாக இருந்ததற்காக அன்று நானும் சந்தோஷப்பட்டேன். அண்ணி விளக்கு கேட்கவில்லை. வெந்நீரும் துணியும் தடவித் தடவி என் கையில் கொடுத்தாள். படுக்கைப்புண் வராமல் இடுப்பைத் துடைத்து எண்ணெய் போடுவதைப் பிறகு அவளே எடுத்துக்கொண்டாள்.

அம்மாவின் பேச்சு கொஞ்சம் தெளிந்த ஒரு நாள், தார்ப்பாயை இறக்கிவிட்டு வழக்கம்போல, "இருட்டிடுச்சிம்மா" என்றேன். அம்மா என்னையே பார்த்தாள்.

"இது இருட்டு இல்லன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள். "உங்க அண்ணன் வெளிய நிக்கிறது நெழலு தெரிது."

"தெரிஞ்சுமா இத்தினி நாளு போன?"

"நீங்கல்லாம் இம்மாம் பாடு படுறீங்களே" என்றாள். கோணின வாயில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் அம்மாவை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவள் எங்களுக்காக ஏமாந்துகொண்டிருந்தாள்.

அவள் பிழைத்துவிடுவாள் என்று அதற்குப் பிறகு நம்ப ஆரம்பித்தேன். லீவு முடிந்து வேலைக்குத் திரும்புவதைப் பற்றிக்கூட அண்ணியிடம் பேசினேன். ஆனால் வாதத்தின் அடுத்த அடி விழுந்தது, இந்த முறை தலைக்குள் பெரிதாக. ஆஸ்பத்திரிக்குத் தூக்க நேரம் கொடுக்கவில்லை. உச்சி வெயில். காற்று வரட்டும் என்று தார்ப்பாய்களைத் தூக்கிக் கட்டியிருந்தோம். ஜன்னல் வழியாக வெளிச்சம் நேரே கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. மூச்சு ஒரு முறை இழுத்து நின்றது. நாடியைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கையிலேயே படுக்கை நனைய ஆரம்பித்தது. உயிர் பிரிந்ததும் உடம்பு எல்லாவற்றையும் தளரவிட்டுவிடும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். பாடத்தில் படித்திருக்கிறேன், வார்டில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் கை தானாக எழுந்து தார்ப்பாய்க் கயிற்றைத் தேடியது.

சத்தம் கேட்டுச் சின்னம்மா ஓடிவந்தாள். நனைந்த படுக்கையையும் திறந்த ஜன்னலையும் பார்த்தாள். கட்டிலோரம் தன் வழக்கமான இடத்தில் குந்திக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

"எக்கா, பட்டப்பகல்ல போயிட்டியே. தொணைக்குக்கூட என்னியக் கூப்புடலியே."

வாசலில் ஆண்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். அண்ணன் உள்ளே வரக் காலெடுத்து வைத்தான். "இருண்ணா" என்றேன். அவன் அப்படியே நின்று, அவனே வெளியிலிருந்து கயிற்றை அவிழ்த்து இரண்டு தார்ப்பாய்களையும் இறக்கிவிட்டான். அந்த இருட்டில் நானும் சின்னம்மாவும் அம்மாவைத் துடைத்து, புடவை மாற்றினோம்.